கையில் துப்பாக்கி, எதிரில் போலீஸ்

1/
அமெரிக்காவில் ஒருத்தர் தோளில் ரைஃபிளை மாட்டிக்கிட்டு கடைவீதியில் நடந்து போறார். பார்த்த யாரோ 911-க்கு போன் பண்றாங்க. போலீஸ் வருது. இப்ப அந்த போலீஸ்காரர் என்ன செய்யணும்?

"பிடிச்சு உள்ள போடணும்"னுதான் நமக்குத் தோணும். நம்ம நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தாலே குற்றம். ஆனா அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அவர் செய்றது குற்றமே இல்லை. வெளியில் தெரியும்படி துப்பாக்கியோட நடமாடுற இந்த உரிமைக்கு 'ஓபன் கேரி'ன்னு பேர்.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த உரிமை சட்டப் புத்தகத்தில் எல்லாருக்கும் இருக்கு. தெருவில் அது எதிரே நிக்கிற போலீஸ்காரருக்கு எவ்வளவு பயம் வருதுங்கிறதைப் பொறுத்துதான் இருக்கு. பயம் என்பது உடம்பில் நடக்கிற விஷயம். அதனாலதான் ஒரு டாக்டர் இதை எழுத வேண்டியிருக்கு.

3/
அங்கே ரெண்டு சட்ட விதிகள் ஒண்ணோட ஒண்ணு மோதுது.

முதல் விதி: ஓபன் கேரி அனுமதி உள்ள மாநிலத்தில், துப்பாக்கி வச்சிருக்கார் என்பதை மட்டுமே காரணமா வச்சு ஒருத்தரைத் தடுத்து நிறுத்தக் கூடாது. 2013-ல் ஒரு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவா சொல்லிடுச்சு.

இரண்டாவது விதி 1989-ல் உச்ச நீதிமன்றம் 'கிரஹாம் எதிர் கானர்' வழக்கில் சொன்னது: போலீஸ் பலப்பிரயோகம் சரியா தப்பாங்கிறதை, அந்த நிமிஷத்தில் அந்த இடத்தில் இருந்த நியாயமான ஒரு அதிகாரியின் கண் வழியா பார்க்கணும். நடந்து முடிஞ்ச பிறகு தெரிய வந்ததை வச்சு எடை போடக் கூடாது.

4/
இந்த வழக்கின் கதையை எல்லா டாக்டரும் தெரிஞ்சுக்கணும்.

1984, வட கரோலினாவின் சார்லட் நகரம். கிரஹாம் ஒரு சர்க்கரை நோயாளி. இன்சுலினால் சுகர் இறங்குறது தெரிஞ்சதும் ஆரஞ்சு ஜூஸ் வாங்க நண்பரோட கடைக்கு ஓடினார். உள்ளே நீளமான வரிசை. நிக்க நேரமில்லைன்னு வேகமா வெளியே வந்து வண்டியில் ஏறினார். அந்த வேகத்தைப் பார்த்த போலீஸ்காரருக்கு சந்தேகம் வந்தது.

வண்டியை நிறுத்தினாங்க. கையில் விலங்கு மாட்டினாங்க. நண்பர் கெஞ்சினார். ஆள் குடிச்சிருக்கார்னு ஒரு அதிகாரி முடிவு கட்டிட்டார். இன்னொரு நண்பர் ஜூஸ் கொண்டு வந்தும் கொடுக்க விடலை. எல்லாம் முடிஞ்சப்போ கிரஹாமுக்கு கால் எலும்பு முறிஞ்சிருந்தது.

5/
சுகர் இறங்கினா வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், புத்தி தடுமாறும். பார்க்க அப்படியே குடிச்ச மாதிரி இருக்கும். ஒரு க்ளூக்கோமீட்டர் இருந்தா ஒரு நிமிஷத்துக்குள்ள உண்மை தெரிஞ்சிடும்.

பார்வைக்குத் தெரிஞ்சது முழுக்கத் தப்பாப் போன ஒரு வழக்கு. அதிலிருந்துதான் "அதிகாரிக்கு அப்போ எப்படித் தெரிஞ்சது"ங்கிற அளவுகோல் பிறந்தது. இப்ப அதே அளவுகோலை, ஜூஸுக்குப் பதிலா துப்பாக்கி தேடி நிக்கிற இடத்தில் வச்சுப் பாருங்க.

6/
உயிர் பயம் வந்தா அட்ரினலின் பாயும். இதயம் படபடக்கும். பார்வை ஒரே புள்ளியில் குவியும். பக்கத்தில் இருக்கிறது கண்ணில் படாது. சத்தம் சரியா காதில் விழாம போகலாம். நிதானமா யோசிக்க நேரம் இல்லாததால, ஏற்கனவே மனசில் பதிஞ்ச படத்தை வச்சு மூளை மிச்சத்தை நிரப்பிக்கும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நம்ம ஊரில் சும்மாவா சொன்னாங்க? எது பேயாத் தெரியும்ங்கிறது, சின்ன வயசில் இருந்து எதைக் காட்டி பயமுறுத்தினாங்கங்கிறதைப் பொறுத்தது.

7/
ஆகஸ்ட் 2014. ஒஹாயோ மாநிலம், பீவர்கிரீக் ஊரில் வால்மார்ட் கடை. ஜான் க்ராஃபோர்ட், 22 வயது, கறுப்பின இளைஞர். அலமாரியில் விற்பனைக்கு இருந்த ஏர் ரைஃபிளை கையில் எடுத்துக்கிட்டு, போனில் பேசிட்டே நடந்தார். 911-க்கு போன் போச்சு. போலீஸ் வந்து சில நொடிகளில் சுட்டுட்டாங்க. பயந்து ஓடின இன்னொரு பெண்ணும் சரிஞ்சு விழுந்து, இதயம் நின்னு இறந்து போனாங்க.

ஒஹாயோ ஓபன் கேரி மாநிலம்.

8/
அதே வருஷம் நவம்பர், அதே ஒஹாயோ, க்ளீவ்லேண்ட். பூங்காவில் பொம்மைத் துப்பாக்கியோட டமீர் ரைஸ். வயசு 12. "அநேகமா பொம்மையா இருக்கலாம்"னு போன் பண்ணவரே சொல்லியிருந்தார். அந்தத் தகவல் வண்டியில் வந்தவங்களுக்குப் போய்ச் சேரலை. வண்டி நின்ன ரெண்டு செகண்டுக்குள்ள குண்டு பாய்ஞ்சது. சுமார் நாலு நிமிஷம் கழிச்சு ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி வந்த பிறகுதான் குழந்தைக்கு முதலுதவி ஆரம்பிச்சது. மறுநாள் இறந்தான்.

இந்த ரெண்டு சம்பவத்திலும் போலீஸார் மேல் குற்ற வழக்கு தொடர கிராண்ட் ஜூரி மறுத்துடுச்சு.

9/
"போலீஸ்கிட்ட மரியாதையா உண்மையைச் சொல்லிட்டா பிரச்சினை வராதே?"

ஜூலை 6, 2016, மினசோட்டா. கார் ஓட்டிட்டு வந்த ஃபிலாண்டோ காஸ்டீல், தன்னிடம் துப்பாக்கி இருக்குன்னு அவராகவே அதிகாரிகிட்ட சொன்னார். முறையான பெர்மிட் வச்சிருந்தவர். அடுத்த சில நொடிகளில் அவர் மேல் ஏழு முறை சுட்டாங்க. பின் சீட்டில் நாலு வயசுக் குழந்தை. சுட்ட அதிகாரி 2017-ல் விடுதலை ஆனார்.

10/
இப்ப இன்னொரு காட்சி. ஆகஸ்ட் 2020, விஸ்கான்சின் மாநிலம், கெனோஷா. கலவர இரவு. 17 வயது வெள்ளை இளைஞர் ஒருத்தர் ரைஃபிளால் மூணு பேரைச் சுட்டார். ரெண்டு பேர் இறந்தாங்க. பிறகு கையைத் தூக்கிக்கிட்டு, மார்பில் ரைஃபிள் தொங்க, போலீஸ் வண்டிகளை நோக்கியே நடந்தார். "இவன்தான் சுட்டான்"னு சுத்தி இருந்தவங்க கத்தினாங்க. வண்டிகள் அவரைத் தாண்டிப் போயிடுச்சு. அவர் வீட்டுக்குப் போய், அப்புறம் சரணடைஞ்சார். தற்காப்புன்னு ஜூரி 2021-ல் விடுவிச்சது.

அவரையும் சுட்டிருக்கணும்னு நான் சொல்லலை. அவருக்குக் கிடைச்ச அந்த நிதானம் 12 வயசுப் பையனுக்கும் கிடைச்சிருக்கணும்னு சொல்றேன்.

11/
இது புதுசும் இல்லை. 1960-களில் ஓக்லாந்தில் கறுப்புச் சிறுத்தைகள் துப்பாக்கியோட தெருவில் நின்னு, போலீஸ் நடந்துக்கறதைக் கண்காணிச்சாங்க. அப்போ அது சட்டப்படி சரி. 1967 மே மாசம் ஆயுதத்தோட கலிபோர்னியா சட்டமன்றத்துக்கே போனாங்க. அதே வருஷம் பொது இடத்தில் குண்டு நிரப்பின துப்பாக்கிக்குத் தடை வந்தது. கையெழுத்துப் போட்டவர் அன்றைய கவர்னர் ரொனால்ட் ரீகன்.

12/
போலீஸ் பக்கமும் நியாயம் இருக்கு. காஸ்டீல் இறந்த மறுநாள், ஜூலை 7, 2016, டாலஸில் கண்டன ஊர்வலம். அதில் பலர் ரைஃபிளோட சட்டப்படியே நடந்து போனாங்க. மறைஞ்சிருந்து ஒருத்தன் சுட்டதில் அஞ்சு போலீஸார் இறந்தாங்க. துப்பாக்கியோட ஓடுறவங்களில் யார் கொலைகாரன், யார் உயிருக்கு பயந்து ஓடுறவர்னு பிரிச்சுப் பார்க்கவே முடியலை. ஒரு பாவமும் அறியாத ஒருத்தரோட படத்தை சந்தேக நபர்னு காவல்துறையே ட்விட்டரில் போட்டது.

"நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தா கெட்டவனைத் தடுப்பான்"னு சொல்றவங்களுக்கு என் கேள்வி: நல்லவன் யாருன்னு நெத்தியில் எழுதியா இருக்கு?

13/
என்னைக் கேட்டா, பொது இடத்தில் ஓபன் கேரி கூடவே கூடாது. ஆனா வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி வச்சிருப்பது அரசியலமைப்பு உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிடுச்சு. சீக்கிரத்தில் எதுவும் குறையப் போறதில்லை. அப்படின்னா மாற வேண்டியது போலீஸ் அணுகும் முறை.

ஆபரேஷன் தியேட்டரில் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் நிறுத்தி, நோயாளி பேர், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன்னு வாய்விட்டு சொல்லி சரிபார்க்கிறோம். எவ்வளவு அனுபவசாலி சர்ஜனா இருந்தாலும் இதே விதிதான். அவர் திறமை மேல் சந்தேகப்பட்டு இல்லை; மனுஷ மூளை அவசரத்தில் தப்பு செய்யும்னு தெரிஞ்சதால.

போலீஸுக்கும் அந்த இடைவெளி வேணும். தள்ளி வண்டியை நிறுத்து. மறைவில் நில்லு. குரல் கொடு. பதிலுக்குக் காத்திரு. 911-ல் சொன்ன ஒவ்வொரு தகவலையும் களத்தில் இருக்கிறவருக்குக் கொடு. அந்தப் பையன் பக்கத்திலேயே வண்டியைக் கொண்டு போய் நிறுத்தாம இருந்திருந்தா அந்த ரெண்டு செகண்ட் ரெண்டு நிமிஷமா ஆகியிருக்கும்.

14/
அமெரிக்காவில் பிள்ளைங்க, சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்கு:

நம்ம ஊரில் போலீஸ் நிறுத்தினா வண்டியை விட்டு இறங்கிப் போய்ப் பேசுவோம். அங்கே சொல்லாம இறங்கக் கூடாது. ரெண்டு கையும் ஸ்டீயரிங் மேல தெரியணும். லைசென்ஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி "எடுக்கப் போறேன்"னு சொல்லிட்டு எடுக்கணும்.

இன்சுலின் போடுறவங்க, வலிப்பு உள்ளவங்க அந்த விவரம் எழுதின பட்டையை கையில் கட்டிக்கோங்க.

தீபாவளிக்கு வாங்கின கேப் துப்பாக்கியை பிள்ளைங்க பூங்காவுக்கு எடுத்துட்டுப் போக விடாதீங்க.

இதையெல்லாம் செஞ்சாலும் முழு உத்தரவாதம் இல்லைன்னு காஸ்டீல் கதை சொல்லுது. ஆனாலும் செய்யுங்க. அங்கே இருக்கிற உங்க ஆட்களுக்கு இதை அனுப்பி வைங்க.