கண் திறந்திருந்தால் போதுமா?

சிறுசேரி சிப்காட் வளாகத்தில் பணிபுரியும் என் பழைய மாணவரொருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு கண்ணாடி தருவித்திருக்கிறார். வில்லைக்குள்ளேயே எழுத்து மிதக்கிறது. செய்தி வருகிறது, வழி காட்டுகிறது. தாம்பரத்திலிருந்து வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியாக நாள்தோறும் இருசக்கர வண்டியில் வருபவர். "கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதுதானே ஆபத்து? இதில் சாலை கண்ணை விட்டு அகலவே அகலாது" என்கிறார். விற்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இது பிழை என்பதே என் கட்சி.

கண்ணருகே உள்ள எழுத்துக்கும் தொலைவிலுள்ள லாரிக்கும் இடையே விழி குவியம் மாற்றித் திண்டாடுவதுதான் சிக்கல் என்று சிலர் வாதிடுவர். அது பாதி உண்மை. போர் விமானங்களில் விமானியின் முன்னே கண்ணாடித் தகட்டில் எண்களைக் காட்டும் கருவி நெடுங்காலமாக உண்டு. அதன் பிம்பம் முடிவிலாத் தொலைவில் இருப்பதுபோல் அமைக்கப்படுவதால் விழிக்குக் குவிய வேலையே இல்லை. அத்தகைய கருவியை நாசா ஆய்வாளர்கள் பயணிகள் விமானம் ஓட்டுபவர்களிடம் கொடுத்து, சிமுலேட்டரில் சோதித்து 1980இல் அறிக்கை வெளியிட்டனர். ஓடுதளத்தின் குறுக்கே இன்னொரு விமானம் நின்றது. எண்களுக்குப் பின்னால், அதே பார்வைக் கோட்டில்தான் நின்றது. அனுபவமிக்க விமானிகளுள்ளும் சிலர் அதைக் காணவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தனர்.

ஆக, குறை விழியில் இல்லை. மனம் எழுத்தைப் பற்றிக்கொண்டால் அதன் பின்னுள்ள உலகம் கண்ணில் பட்டும் படாமற் போகிறது. காண்டல் வேறு, நோக்கல் வேறு. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணும் 34 உறுப்புகளுள் 'நோக்கு' ஒன்று. படிப்பவனை வரியை விட்டு நழுவவிடாமல் பிடித்து நிறுத்துவது அது. இதை வகுப்பில் நடத்தும்போது மாணவர் கொட்டாவி விடுவது வேறு கதை.

கருவியே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 2013இல் சென்னையில் ஒரு மருத்துவர் கூகுள் கிளாஸ் அணிந்தபடி செய்த அறுவை சிகிச்சையைப் பிறர் தொலைவிலிருந்து நேரலையில் பார்க்க முடிந்தது. அங்கே கண்ணாடியின் வேலை மருத்துவரின் பார்வையை மற்றவருக்குக் கொடுப்பது. சாலையிலோ அது நம் பார்வையில் பங்கு கேட்கிறது. குனிந்தவனுக்காவது தான் சாலையைப் பார்க்கவில்லை என்பது தெரியும். தலைநிமிர்ந்து ஓட்டுபவனுக்கு அந்த அச்சமும் இல்லை.

இவ்வளவையும் தேநீர்க்கடை வாசலில் நின்று மாணவரிடம் சொன்னேன். என் முகத்தை விட்டுப் பார்வையை அகற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தவர், முடித்ததும், "மன்னிக்கணும் ஐயா, கடைசியா என்ன சொன்னீங்க?" என்றார்.