இலேசான துப்பாக்கியும் கனத்த பொறுப்பும்

அலாஸ்காவின் வனாந்தரங்களில் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் செல்வோர், கரடிக்கு அஞ்சி, பருத்த குண்டு பாயும் ரிவால்வரை இடுப்பில் தரிப்பது நெடுநாளைய வழக்கம். '44 மாக்னம்' தோட்டாவைச் சுடும் எஃகு ரிவால்வர் ஒரு கிலோவுக்கு மேல் கனப்பது. ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டமும் டைட்டானிய உருளையும் வந்தபின், அதே தோட்டாவைச் சுடும் கருவி சுமார் 700 கிராம் எடையில் கிடைக்கிறது. சுமை குறைந்தது, ஆதலால் அபாயமும் குறைந்ததென்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் தவறென்பதே நமது அபிப்பிராயம்.

கூடாரத்தில் விட்டுச்சென்ற கனத்த துப்பாக்கி எவரையும் காவாது என்று அவர்கள் கூறுவது மெய்யே. ஆயினும், கனம் குறையுந்தோறும் உதைப்பு மிகும். முதற் குண்டு தவறின், மீண்டும் குறி பார்ப்பதற்குள் கரடி மேலே விழுந்துவிடும். 30 கெஜ தூரத்தை அது இரண்டே வினாடிகளில் கடக்க வல்லது. அதிர்ச்சியால் மீதித் தோட்டாக்களின் குண்டுகள் முன்னே நழுவி, உருளை சுழலாது நின்றுவிடுவதுமுண்டு. கைநோவுக்கு அஞ்சிப் பயிற்சியையே கைவிடுவோரும் உளர்.

நிற்க. அலாஸ்காவில் நேர்ந்த 269 சம்பவங்களைப் பரிசீலித்து 2012இல் வெளிவந்த ஆராய்ச்சி, துப்பாக்கி வைத்திருந்தோரில் சுட்டவரும் சுடாதவரும் ஒரே அளவில் காயமுற்றனர் என்று காட்டிற்று. 2008இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியிலோ, மிளகாய்க் காரம் பீச்சும் குப்பியை ஏந்திக் கரடியை அருகில் எதிர்ப்பட்டோரில் 98 சதவீதத்தினர் காயமின்றித் தப்பினர். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. எனினும் உணர்த்தும் பாடம் தெளிவு.

ஆதலின், வனம் புகுவோர் முதலில் குப்பியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்க. துப்பாக்கியும் வேண்டுமென்போர், தாம் நடுங்காது அடுத்தடுத்துச் சுடக்கூடியதையே தேர்ந்து பழகுக. இடுப்பின் சௌகரியத்துக்காக உயிரைப் பணயம் வைத்தல் விவேகமாகாது.