யார் முதலில் எழுவது?

செடெனாக், கூலாய், நூசாஜெயா என்று ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழும்பிவிட்டன. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022இல்தான் மறுபடியும் அளவோடு திறந்துவிட்டது. அந்த இடைவெளியில் முதலீடு பாலத்தைத் தாண்டி நம் பக்கம் வந்தது. அங்கே வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன விஷயத்தை இந்த வாரம் பார்ப்போம். மின்சாரம் போய் வந்த இரவில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுபோன்ற சின்ன விஷயம்தான்.

ஒரு சர்வரில் உள்ள கோப்புகளை இன்னொரு சர்வர் தன் சொந்த வட்டில் இருப்பதுபோல் பயன்படுத்த உதவும் முறைக்கு என்.எஃப்.எஸ். என்று பெயர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கியது. லினக்ஸ் சர்வர்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது தொல்லை இல்லை. எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் எழும்போதுதான் சிக்கல். கோப்புகளை வைத்திருக்கும் சர்வருக்கு வட்டு பெரிது. சரிபார்த்து எழ நேரமாகும். அதை நம்பியிருக்கும் சர்வர் முந்திக்கொண்டு எழுந்து, கோப்புறையை இணைக்கப் பார்க்கிறது. பதில் வரவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, இணைக்காமலேயே மேலே போய்விடுகிறது.

பிறகு நடப்பதுதான் ஆபத்து. இணைக்க வேண்டிய இடத்தில் அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்புறை இருக்கும். கணக்கு மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. அன்றைய பில்களை அதற்குள்ளேயே எழுதும். மாலையில் யாரோ இணைப்பைச் சரிசெய்ததும் பில்கள் மறைந்துவிடும். அழியவில்லை, அடியில் கிடக்கின்றன. இலை போடுவதற்கு முன்பே மேசையில் சோற்றைக் கொட்டிவிட்டு, அதன்மேல் இலையை விரித்த கதைதான். வட்டு நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வரும். தேடினால் நிறைத்த கோப்பு எதுவும் கண்ணில் படாது. அப்போது இணைப்பைக் கழற்றி அடியில் பாருங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. இரண்டு சர்வர்கள் ஒன்றின் கோப்புறையை மற்றொன்று பயன்படுத்தும். தன்னுடையதைத் திறப்பதற்கு முன் அடுத்ததன் கோப்புறையை இணைக்கும்படி இரண்டையும் அமைத்திருந்தால், 'நீங்கள் முதலில்', 'இல்லை, நீங்கள் முதலில்' என்று வாசலிலேயே நிற்கும் விருந்தாளிகள் போல இரண்டும் காத்துக் கிடக்கும்.

என்ன செய்யலாம்? வலையமைப்பு உண்மையிலேயே தயாரான பிறகே இணைக்கச் சொல்லுங்கள். வலையமைப்புச் சேவை தொடங்கியது என்பது வேறு, முகவரி கிடைத்துப் பேசத் தயார் என்பது வேறு. எழும்போதே இணைக்காமல், கோப்புறையை யாராவது முதன்முதலில் தொடும்போது இணைக்கும் 'ஆட்டோமவுண்ட்' முறை இன்னும் நல்லது. இணைப்பு இல்லாவிட்டால் அதை நம்பியுள்ள மென்பொருள் தொடங்கவே கூடாது என்று எழுதி வையுங்கள். வெற்றுக் கோப்புறையில் எவரும் எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். அமைதியாகத் தவறான இடத்தில் எழுதும் மென்பொருளைவிட, உரக்கக் கத்திவிட்டு நிற்கும் மென்பொருள் மேல். ஒன்றையொன்று நம்பும் அமைப்பை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சின்ன அலுவலகங்களின் கவலை என்று எண்ண வேண்டாம். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தின் குளிரூட்டல் பழுதானது. டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவை முடங்கியது. இரண்டும் மாற்று மையங்களுக்குத் தாவ முயன்றன. ஒன்றுக்கு வலையமைப்பு அமைப்பில் பிழை, மற்றதற்கு இணைப்புச் சிக்கல். சுமார் 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை. அது என்.எஃப்.எஸ். கோளாறு அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு, நின்றால் மறுபடி எழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே எந்தச் சர்வர் முதலில், எது இரண்டாவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வேலை குறைவான ஒரு ஞாயிற்றுக்கிழமை, முறைப்படி அனுமதி வாங்கி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி எழுப்பிப் பாருங்கள். மின்தடை வந்து அந்தச் சோதனையை நடத்தும்வரை காத்திருக்க வேண்டாம்.