குவிவிராவுக்கு வழி சொன்னவர்

பொன் நகரங்களைத் தேடி 1540-இல் மெக்சிகோவிலிருந்து கிளம்பிய கொரொனாடோவின் ஸ்பானியப் படைக்குக் கிடைத்தவை கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய, சூனி என்னும் பூர்வகுடி மக்களின் ஊர்கள்தான். அந்தக் குளிர்காலத்தில் ரியோ கிராண்டே கரையோர ஊர்களில் உணவையும் உடையையும் பறித்தார்கள். எதிர்த்த ஊர்களைத் தாக்கி எரித்தார்கள். அப்போதுதான் ஸ்பானியர் ‘துருக்கன்’ என்று பெயரிட்ட ஒரு பூர்வகுடிக் கைதி, கிழக்கே குவிவிரா என்னும் செல்வநாடு இருப்பதாகச் சொன்னார். 1541-இல் படை எல்லையற்ற புல்வெளியில் இறங்கியது; அதில் ஒரு சிறு பிரிவு மட்டும் இன்றைய கான்சாஸ் வரை சென்றது. அங்கே இருந்தவை புல் வேய்ந்த வீடுகளும் சோள வயல்களும். பெக்கோஸ் என்னும் பூர்வகுடி ஊரின் மக்கள் கேட்டுக்கொண்டதால்தான் வழிதவறச் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

இதை ஸ்பானியரின் பேராசைக் கதையாகவே சொல்லி முடிப்பதுண்டு. எனக்கு அது போதவில்லை. ஆக்கிரமிப்பாளரின் கற்பனையையே ஆயுதமாக்கி, தம் ஊர்களைக் காக்க முயன்ற மக்களின் போர்த்தந்திரம் இது. குவிவிரா அதன்பின் பல காலம் ஐரோப்பிய வரைபடங்களில் இடம் மாறி மாறி நின்றது. கொரொனாடோ 1542-இல் வெறுங்கையோடு திரும்பினார். ரியோ கிராண்டே கரையில் ஸ்பானியக் குடியேற்றம் ஏற்பட்டது 1598-இல்தான்.