முதலில் நிற்கப் பழகுவோம்

ஆண்டாப் ஹில்லை ஒட்டிய வடாலா ட்ரக் டெர்மினல் பகுதியில்தான் கிழக்கு மும்பை ஆர்.டி.ஓ. இருக்கிறது. எம்.எச். 03 என்று தொடங்கும் வண்டிகளின் தாய்வீடு அது. பைக் லைசென்ஸ் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எட்டு போட்டாச்சா?” எட்டு போடும்போது கால் தரையில் படக்கூடாது என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே அந்த விதி மறந்துபோகிறது. மோனோ ரயில் தூண்களுக்கு அடியில் நெரிசலில் ஊரும் பைக்குகளைப் பாருங்கள். இரண்டு காலையும் தொங்கவிட்டு, செருப்பு தரையைத் தேய்க்க, துடுப்புப் போடுவதுபோலத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் இவர்கள். மெதுவாக ஓட்டத்தான் தெரியவில்லை. பைக் பழகுகிறவர் முதலில் கற்க வேண்டியது, நின்ற வண்டியைக் கால் ஊன்றாமல் பிடித்து நிறுத்துவதை என்பது என் கட்சி.

இதையே உயிராகக் கொண்ட ஒரு விளையாட்டு உண்டு. ட்ரயல்ஸ் என்று பெயர். பாறை, ஓடை, மரக்கட்டை, செங்குத்து மேடு எல்லாவற்றையும் பைக்கில் கால் படாமல் தாண்ட வேண்டும். ஒருமுறை கால் பட்டால் ஒரு புள்ளி, இருமுறை பட்டால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை பட்டாலும் மூன்று, விழுந்தால் ஐந்து. புள்ளி குறைந்தவரே வெற்றியாளர். ஸ்பெயின்காரர் டோனி போ 2007 முதல் 2024 வரை ஓர் ஆண்டுகூட விடாமல், திறந்தவெளி, உள்ளரங்கு இரண்டிலும் உலகப் பட்டத்தை வென்றிருக்கிறார். அவர் பாறை மேல் தாவுவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். தாவுவதற்கு முன் ஓர் அடி அகலக் கல்லின் மேல் வண்டியோடு சிலைபோல் நிற்கிற அந்த இரண்டு மூன்று நொடியைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த தாவலுக்கான முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. நமக்கும் இது புதிதல்ல. பொங்கல் விழாக்களிலும் பள்ளி விளையாட்டு விழாக்களிலும் ஸ்லோ சைக்கிள் ரேஸில் கடைசியாக வருகிறவருக்குத்தானே பரிசு கொடுக்கிறோம்.

சக்கரம் சுழல்வதால்தான் வண்டி விழாமல் நிற்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை சைக்கிளில் பொருத்தி அந்தச் சுழற்சியின் விளைவை அழித்துப் பார்த்தார். அப்படியும் அதை ஓட்ட முடிந்தது. வண்டியை நிமிர்த்துவதில் பெரும்பங்கு, அது சாயும் பக்கமே முன்சக்கரம் திரும்பிக்கொள்வதற்கு உண்டு. ஓடுகிற வண்டியில் இதில் பாதியை வண்டியே செய்துகொள்கிறது. நின்ற வண்டியில் அந்த உதவி கிடையாது, முழுப் பொறுப்பும் உடம்புக்குத்தான். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முன்பிரேக்கை இரண்டு விரலால் பிடித்து, பத்தடி தள்ளி ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் வலது காலை அழுத்த வேண்டும். பார்வை முன்சக்கரத்துக்கு இறங்கினால் வண்டியும் கீழே போகும். கை, கால், கண் மூன்றும் அப்போதுதான் ஒரே பேச்சுக்குக் கட்டுப்படுகின்றன.

ட்ரயல்ஸ் வண்டியின் எடை சுமார் 70 கிலோ. அதில் உட்கார சீட் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பின் டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. காற்றுதான் இருக்கும் என்பதால் தரையை அப்பளம்போல அப்பிப் பிடிக்கும். நம் வண்டியோ 110 கிலோவுக்கு மேல், டயரும் கல் மாதிரி. இதில் எப்படி நிற்பது என்று கேட்பது நியாயம்தான். ஒரு நிமிடம் நிற்கச் சொல்லவில்லை, இரண்டு நொடி போதும். முன்னால் போகிற டாக்ஸி நின்று மறுபடி நகர அவ்வளவு நேரம்தான் ஆகிறது. சிக்னலில் கால் ஊன்றக்கூடாது என்றும் சொல்லவில்லை. அங்கே நெடுநேரம் நின்றால் ஊன்றத்தான் வேண்டும். ஓடும் வண்டியில் காலைத் தொங்கவிடுவதுதான் தவறு. கியர் வண்டியில் பின்பிரேக் வலது காலில் இருக்கிறது. அந்தக் கால் தரையில் தேய்ந்துகொண்டிருந்தால் மிஞ்சுவது முன்பிரேக் மட்டும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி அதே பக்கம் படுத்துவிடும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் விழுவது சின்ன விழுதல்தான். ஆனால் ட்ரக் டெர்மினல் பக்கத்துச் சாலையில், லாரியின் பின்சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில் உருளும்போது எந்த விழுதலும் சின்னதல்ல.

உயிர்களைப் பறிப்பது வேகம்தானே, இதனால் என்ன குறைந்துவிடும் என்பது இதைவிடக் கனமான கேள்வி. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். நிற்கப் பழகினால் இந்தக் கணக்கு மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஹெல்மெட்டுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக்கும் இது மாற்றல்ல. ஆனால் கிளட்ச்சையும் பிரேக்கையும் நூலளவில் பிடிக்கத் தெரியாத கைதான் அவசரத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறது. ஜப்பானில் மெதுவாக ஓட்டுவதைத் தேர்விலேயே வைத்திருக்கிறார்கள். 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பாலத்தில் பைக்கை ஓட்ட வேண்டும். பெரிய வண்டிக்குக் குறைந்தது 10 நொடி, நடுத்தர வண்டிக்கு 7 நொடி ஆக வேண்டும். சீக்கிரம் கடந்தால் மதிப்பெண் குறையும், பாலத்திலிருந்து இறங்கினால் அதோடு தேர்வு முடிந்தது. நம் எட்டையோ கொஞ்சம் வேகம் கொடுத்து வளைத்து முடித்துவிடலாம். அதில் பாதி வேலையை வண்டி செய்துவிடுகிறது.

வீலிங் பசங்களை இது இன்னும் தூண்டிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. நிற்கும் பயிற்சிக்கு எஞ்சினே ஓட வேண்டியதில்லை. சத்தமில்லை, கூட்டமும் சேராது. காட்டிக்கொள்ள அதில் எதுவுமே இல்லை. மைதானத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இந்த நகரத்தில் எட்டு போட்டுப் பழகக்கூட இடம் தேட வேண்டும், நிற்பதற்கோ ஒரு வண்டி நிறுத்தும் இடம் போதும். சமதரையில், முன்சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து, எஞ்சினை அணைத்து, கூட ஒருவரைப் பின்னால் பிடிக்கச் சொல்லித் தொடங்கலாம். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை: எட்டுக்கு முன்னால் ஒரு வாரம் இதைச் சொல்லிக்கொடுங்கள். போக்குவரத்துத் துறைக்கும் ஒன்று: 30 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு வெள்ளைக் கோடு போட்டு, அதற்குள் மெதுவாக ஓட்டுவதையும் லைசென்ஸ் தேர்வில் சேருங்கள். ஒரு டப்பா பெயின்ட்டுக்கு மேல் செலவாகாது.