தண்டப்பணம் சாரதிக்கு, கலெக்‌ஷன் முதலாளிக்கு

கண்டியில இருந்து பேராதனைப் பக்கம் தனியார் பஸ்ல போறவங்களுக்கு ஒரு விஷயம் புதுசில்லை. பின்னால அதே ரூட் பஸ் ஒன்று வருதுன்னு தெரிஞ்சதும், அதுவரைக்கும் ஊர்ந்துகிட்டு இருந்த நம்ம பஸ் கெட்டம்பையில பறக்கும். முந்திப் போறவருக்குத்தான் அடுத்த ஹோல்ட்ல நிற்கிற ஆட்கள்.

பொலிஸ்ல மாட்டினா என்ன நடக்கும்? லைசன்ஸை எடுத்துக்கொண்டு தண்டப் பத்திரம் ஒன்றைக் கொடுப்பாங்க. 14 நாளுக்குள்ள தபால் கந்தோர்ல பணம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸை மீட்கலாம். 2025இல் கவ்பே மூலம் போனிலேயே கட்டுற வசதியும் தொடங்கியாச்சு. கட்டினதோட கதை முடிஞ்சுது. அடுத்த வருஷம் அந்த பஸ்ஸின் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது இது எதுவும் கணக்கில் வராது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. ஆனால் அதன் கட்டணம் வாகனத்தின் வகையைத்தான் பார்க்கிறது, ஓட்டுற விதத்தை இல்லை. புல் இன்ஷுரன்ஸ்ல 'நோ கிளெய்ம் போனஸ்' உண்டு. அது நல்லா ஓட்டினதுக்கான பரிசு என்று பலரும் நினைக்கிறாங்க. உண்மையில் அது கிளெய்ம் பண்ணாததுக்கான பரிசு. வருஷம் முழுக்க சிவப்பு லைட்டைத் தாண்டிப் போனவரும், விபத்தில் சிக்காத வரைக்கும், ஒழுங்கா ஓட்டினவரும் ஒரே கழிவைத்தான் வாங்குறாங்க.

டொரொன்டோவில இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அங்கே வேகக் குற்றம் ஒன்று பதிவானால் பொதுவா மூன்று வருஷம் வரைக்கும் பிரீமியத்தில் அதன் எதிரொலி இருக்கலாம். பார்க்கிங் டிக்கெட் இதில் சேராது. இந்தியாவில் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு 2021 ஜனவரியில் இதே மாதிரி ஒரு யோசனையை முன்வைத்தது. குடிபோதையில் ஓட்டினால் 100 புள்ளி, தப்பா நிறுத்தினால் 10 புள்ளி. புள்ளி கூடினால் பிரீமியமும் கூடும். முதலில் டெல்லிப் பகுதியில் பரீட்சித்துப் பார்க்கலாம் என்றார்கள். அதில் என்னைக் கவர்ந்தது ஒரே ஒரு அம்சம்: யார் ஓட்டினாலும் கூடுதல் பிரீமியத்தைக் கட்ட வேண்டியவர் வாகனத்தின் சொந்தக்காரர்.

நமக்குத் தேவையானது அதுதான். சாரதி ஏன் ரேஸ் ஓடுறார்? முதலாளிக்கு அன்றைக்குக் கொடுக்க வேண்டிய கலெக்‌ஷன் இருக்கு, தன் கூலியும் அதில்தான் தங்கியிருக்கு. வேகத்தால் வரும் லாபத்தில் பெரும்பங்கு ஒருத்தருக்கு, தண்டனை இன்னொருத்தருக்கு. 2016 இறுதியில் சில பாரிய குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபா தண்டம் என்று அரசாங்கம் சொன்னபோது தனியார் பஸ்கள் வேலைநிறுத்தம் செய்தன. அந்தக் கோபத்தில் ஒரு நியாயமும் இருந்தது. தொகையை எவ்வளவு ஏற்றினாலும் அது ஸ்டியரிங் பிடிச்சவர் தலையில்தான் முதலில் விழும். பிரீமியம் அப்படி இல்லை. அது நேரா முதலாளி வீட்டுக்குப் போகும். "மெதுவா ஓட்டு" என்று சொல்ல அவருக்கும் அப்போதான் ஒரு காரணம் கிடைக்கும்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. ஒரு குற்றம் பல வருஷம் காசு கேட்கும் என்றால், பதிவே வராமல் அந்த இடத்திலேயே 'கையில கொடுத்து' முடிக்கிற ஆசை கூடும். அதனால், பொலிஸ்காரர் கையால் எழுதுற துண்டை மட்டும் நம்பி இதைத் தொடங்கக் கூடாது. கமெராவும் டிஜிட்டல் பதிவும் முதலில் வரணும், தப்பான பதிவை எதிர்த்து முறையிட ஒரு வழியும் வேணும். அடுத்தது, ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவரை தலதா வீதியில் ரெண்டு நிமிஷம் நிறுத்தினதுக்காக வருஷக்கணக்கில் வதைக்கக் கூடாது. வேகம், குடிபோதை, ஆபத்தான முந்தல் போன்ற உயிரோடு விளையாடுற குற்றங்கள் மட்டும் போதும். பயணிகளை ஏற்றி உழைக்கிற பஸ், வேன்களில் இருந்து தொடங்கலாம்.

கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போற பிள்ளைகள் நம்ம கம்பஸ்ல நிறையப் பேர். அவர்களுக்கு விபத்துக்குப் பிறகு வருகிற நட்டஈட்டை விட, விபத்துக்கு முன்னாலேயே முதலாளியின் பையைத் தொடுகிற ஒரு பிரீமியம்தான் பாதுகாப்பு.