வாடகை முகவரிகள்

நான் வசிக்கும் சேரம்பாடியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பை 'லைன் வீடு' என்பார்கள். வேலை இருக்கும்வரை வீடு உண்டு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பதே பொதுவான நடைமுறை. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு உருவாக்கிய தோட்டங்களிலும் ஓய்வுபெற்றோரின் வீட்டுப் பிரச்னை தீராத ஒன்றாகவே இருந்து வருகிறது. முப்பது ஆண்டுகள் ஒரே முகவரியில் கடிதம் பெற்ற ஒருவர், அந்த முகவரி தமக்குரியதல்ல என்பதைக் கடைசி நாளில்தான் உணர்கிறார்.

கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கும் சிறிய அளவில் அந்த அனுபவம் நேர்ந்தது. நான் இழந்தது வீட்டையல்ல, மின்னஞ்சல் முகவரியை. பணி ஓய்வுக்குப் பின் சில வாரங்களில் நிறுவனம் எனக்கு அளித்திருந்த கணக்கு மூடப்பட்டது. ஆய்வு மாணவர்களின் மடல்கள், இதழாசிரியர்களுடன் நடத்திய கடிதப் போக்குவரத்து, ஓய்வூதியக் கோப்பு தொடர்பான பதில்கள் யாவும் அதற்குள் இருந்தன. அந்த முகவரிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் யார் யார் என்பதை அறிய எனக்கு வழியில்லை.

இன்று படித்தவர் எவருக்கும் ஒரே ஒரு மின்னஞ்சல் கணக்கு இருப்பதில்லை. அலுவலகத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, உறவினருக்கு ஒன்று என மூன்று, நான்கு ஆகிவிடுகின்றன. அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் படிக்கப் பலரும் நம்பியிருந்தது ஜிமெயிலின் ஒரு வசதியை. பிற நிறுவனக் கணக்குகளின் அஞ்சலையும் அது இழுத்து வந்து தன் பெட்டியில் சேர்த்துத் தரும். அந்த வசதியை 2026 முதல் விலக்கிக்கொள்ளப்போவதாக கூகுள் அறிவித்தது. இலவசமாகத் தரப்பட்டதைத் திரும்பப் பெறுவதற்கு யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை.

என் பழைய மாணவர் ஒருவரின் உதவியோடு நான் வேறு வழிக்கு மாறினேன். சொந்தமாக ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்து, வாடகைக்கு எடுத்த சிறு சர்வரில் 'ரவுண்ட்கியூப்' என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவிக்கொண்டோம். பல கணக்குகளுக்கு வரும் அஞ்சல்களை சர்வர் திரட்டி ஒரே பெட்டியில் சேர்க்கிறது. ரவுண்ட்கியூப் வழியே எந்தக் கணினியிலும் அதைத் திறந்து படிக்கலாம். பதில் எழுதும்போது எந்த முகவரியிலிருந்து அனுப்புவது என்பதையும் தேர்ந்துகொள்ளலாம். விளம்பரம் இல்லை, என் மடல்களைப் படித்து என்னைக் கணிப்பவரும் இல்லை.

இது எல்லாருக்கும் ஏற்ற தீர்வு என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி தடைபடும் ஊரில் வீட்டிலேயே சர்வர் வைப்பது ஆகாத காரியம். பாதுகாப்பைக் கவனிப்பதும் நம் பொறுப்பாகிவிடுகிறது. ரவுண்ட்கியூபில் பத்தாண்டுகளாக மறைந்திருந்த கடுமையான ஓட்டை ஒன்று 2025 ஜூனில் வெளிப்பட்டபோது, உடனே புதுப்பிக்காத சர்வர்கள் ஆபத்துக்குள்ளாயின. பெருநிறுவனங்களோ அறிமுகமற்ற சிறு சர்வரிலிருந்து வரும் மடலை ஐயத்துடனேயே பார்க்கின்றன. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் அனுப்புநர்களுக்கான சரிபார்ப்பு விதிகளை இறுக்கின. தேவையற்ற அஞ்சலைத் தடுக்க அவை அவசியமே. ஆனால் நேர்மையான சிறியவருக்கும் சுமை கூடியது.

தனிமனிதர் சிக்கல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2025 ஜூலையில் ரஷியாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்துள்ள நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் எண்ணெய் சுத்திகரிக்கும் நிறுவனம் அது. சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றிருந்தும், இந்தியாவில் இயங்கும் நிறுவனம் தன் சொந்தத் தரவுகளை அணுக தில்லி உயர்நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. பின்னர் சேவை மீண்டது. தடையின் நியாயம் வேறு விவாதம். ஓர் அஞ்சல் பெட்டியின் சாவி எங்கோ ஒரு நாட்டில் இருக்கிறது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

மத்திய அரசின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அரசு அஞ்சலைத் தேசிய தகவலியல் மையம் நடத்தி வந்தது. 2023-இல் வழங்கப்பட்ட ஒப்பந்தத்தின்படி, ஏறத்தாழ 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் கணக்குகள் தமிழகத்தில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டன. உள்நாட்டு நிறுவனம் என்ற பெருமையைப் பலரும் பேசினர். நான் கவனித்தது வேறொன்றை. இத்தனை பெரிய மாற்றத்துக்குப் பிறகும் ஊழியர்களின் முகவரி மாறவில்லை. முகவரியின் பின்பகுதி அரசுக்கே சொந்தமான பெயராக நீடிக்கிறது. நாளை ஜோஹோவிலிருந்து வேறு தளத்துக்குப் போனாலும் அப்படியே நீடிக்கும். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025 அக்டோபரில் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி முடித்ததும் இதே அடிப்படையில்தான்.

ஆக, சுதந்திரம் என்பது எந்த நிறுவனத்தில் இருக்கிறோம் என்பதில் இல்லை; அங்கிருந்து வெளியேற முடியுமா என்பதில் இருக்கிறது. பொருளியலில் இதை 'மாறும் செலவு' என்போம். ஒரு சேவையை விட்டு இன்னொன்றுக்குச் செல்லும் செலவு மிகும்போது, சேவை தருபவர் தரத்தைக் குறைத்தாலும் வாடிக்கையாளர் நகர மாட்டார். கைப்பேசித் துறையில் இதற்குத் தீர்வு கண்டோம். 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடு முழுவதும் வந்தது. மின்னஞ்சலுக்கு அத்தகைய உரிமை இல்லை. முகவரியின் பின்பகுதியில் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதால் அதைத் தூக்கிக்கொண்டு செல்லவும் இயலாது.

சட்டமும் இங்கு கைகொடுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், தன் தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. அந்த மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது; 2023-இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தன் 20-ஆவது பிரிவில் அதை உறுதி செய்கிறது.

எல்லாரும் சொந்த சர்வர் வைக்க வேண்டியதில்லை. மூன்று காரியங்கள் போதும். முதலாவது, எடுத்துச் செல்லும் உரிமையைச் சட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, கணக்கை மூடும் எந்த நிறுவனமும் குறைந்தது ஓராண்டுக்கு, வரும் மடல்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும்; அஞ்சல் துறை முகவரி மாறியவரின் கடிதங்களுக்குச் செய்வதைவிட இது கடினமானதல்ல. கல்லூரிகள் ஓய்வுபெறும் ஆசிரியர்களிடமிருந்து இதைத் தாமாகவே தொடங்கலாம். மூன்றாவது, வசதியுள்ளவர்கள் சொந்தமாக ஒரு டொமைன் பெயரேனும் பதிவு செய்துகொள்வது நல்லது. அதற்கும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. ஆயினும் புதுப்பித்து வரும்வரை அதை எந்த நிறுவனத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

லைன் வீட்டைக் காலி செய்பவர் பாத்திரம், பண்டங்களையாவது எடுத்துச் செல்கிறார். என் முப்பது ஆண்டுக் கடிதங்களில் ஒன்றைக்கூட நான் எடுத்து வர முடியவில்லை. இன்று பணியில் இருப்பவர்கள் தங்கள் கடைசி நாளுக்கு முன்பே இதை எண்ணிப் பார்ப்பது நலம்.